எளிய பாதை, ஒன்றரை கிலோமீட்டர்

பலகையில் மூன்று அம்புகள்.
பச்சை அம்புக்குக் கீழே
ஒரு பெரியவர், ஒரு சிறுவர், ஒரு கைத்தடி.
குடும்பத்தோடு வருகிறவர்களுக்காம்.
நாற்பது நிமிடம் என்ற இந்தியை
எழுத்துக்கூட்டிப் படித்த நிலவன்
நாற்பதுவரை எண்ணிவிட்டு
"வந்தாச்சா?" என்றான்.

வெட்டித் தீர்ந்த மலை இது.
லாரி லாரியாய் இறங்கிப்போய்
தில்லிக்குச் சுவரும் சாலையுமான மலை.
மிச்சமிருந்த குழிகளில்
இப்போது மரங்கள் குடியிருக்கின்றன.
வாடகைக்கு வந்தவர்கள்போல் முதலில் தயங்கியிருக்கும்,
அப்புறம் சாமான்களை இறக்கியிருக்கும்.

நாலு நிமிடத்துக்கு ஒரு விமானம்
சக்கரத்தை நீட்டிக்கொண்டு தலைமேல் இறங்குகிறது.
ஒவ்வொன்றுக்கும் ஒரு மயில்
பதில் கத்துகிறது.
அருளாளனின் நெஞ்சுப் பையில் எங்கள் சின்னவள்,
பெயர் இமையா,
இரண்டுக்கும் கண் திறக்கவில்லை.

"இங்கே பார், குழியானை" என்றேன்.
யானை என்றதும் இரண்டடி பின்னால் போனவன்
மணலில் புனல்போல் சுழிந்த பள்ளத்தைப் பார்த்ததும்
குப்புறப் படுத்துவிட்டான்.
ஓர் எறும்பு சரிந்தது, ஏறியது, சரிந்தது.
எறும்பின் கட்சியா பூச்சியின் கட்சியா என்று
அவனால் முடிவெடுக்க முடியவில்லை.
சிவப்பு பனியனில் ஓடுகிறவர்
எங்களை மூன்றாம் முறை கடந்துபோனார்.
நாங்கள் இருந்தது
முதல் கம்பத்துக்கும் இரண்டாம் கம்பத்துக்கும் நடுவில்.

மூன்றாம் கம்பத்தருகே தரையே மினுங்கியது.
"காக்காப்பொன்" என்றேன்.
"காக்கா திரும்ப வந்து கேக்குமா?"
பதிலுக்குக் காத்திராமல்
பாக்கெட் நிரம்பத் தொடங்கியது.

வாசலில் காவலர் ரத்தன்பால்
பலகையின் இன்னொரு வரியைத் தடியால் தொட்டுக் காட்டினார்:
எதையும் எடுக்க வேண்டாம், எதையும் விட்டுச்செல்ல வேண்டாம்.
பதினோரு தகடுகள்.
ஒவ்வொன்றாகக் கடன் கொடுப்பவன் மாதிரி
அவர் உள்ளங்கையில் வைத்தான்.
ஆட்டோவில் ஏறியபிறகுதான் கவனித்தேன்,
இமையாவின் இடது கால் வெறுங்காலாக இருந்தது.
கிளிப்பச்சைக் கம்பளிச் செருப்பு,
நானே பின்னியது,
கொஞ்சம் தளர்வாகத்தான் பின்னியிருந்தேன்.

அடுத்த ஞாயிறு போகலாம் என்றோம்.
அதற்குள் நவம்பர்.
காற்றுக்கு மதிப்பெண் போட்டார்கள்,
நானூற்று முப்பது, நானூற்று அறுபது,
அதிகம் வாங்கினால் தோல்வி என்கிற ஒரே பரீட்சை.
பள்ளிக்கூடம் மூடி, ஜன்னல் இடுக்கில் பழந்துணி திணித்து
நால்வரும் ஓர் அறையில் இருமிக்கொண்டிருந்த இரவில்
நிலவன் போர்வைக்குள் டார்ச் அடித்தான்.
பன்னிரண்டாவது தகடு.
நகத்தால் ஏடு ஏடாகப் பிரித்து
ஒன்றைக் கண்ணில் வைத்து
எங்கள் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தான்.
நான் தூங்குவதுபோல் கிடந்தேன்.

பிப்ரவரி முடிவில் போனோம்.
புரசு பூத்திருந்தது, இலையே இல்லாமல்,
சோறு போடாமல் பாயசம் மட்டும் பரிமாறின பந்தி.
மூன்றாம் கம்பத்தின் தலையில்
குல்லா போட்டதுபோல் எங்கள் செருப்பு.
வெயிலில் பச்சை வெளுத்து
உள்ளே ஒரு சிலந்தி வலையெல்லாம் கட்டி முடித்திருந்தது.
அருளாளன் அதை இமையாவின் பாதத்தோடு
தள்ளிப் பிடித்து அளந்து பார்த்தான்.
கால் இரண்டு விரல் வளர்ந்திருந்தது.
சிலந்தி கலையாமல் திரும்ப மாட்டினான்.

அன்றைக்குப் பாதை முழுதும் நடந்தோம்.
நாற்பது நிமிடம் இல்லை,
இரண்டு மணி பத்து நிமிடம்,
கடைசித் திருப்பத்தில் நீல்காய் சாணமும் ஓர் அழுகையும் உட்பட.

வாசலில் ரத்தன்பால் டீ குடித்துக்கொண்டிருந்தார்,
எதுவும் கேட்கவில்லை.
நிலவன்தான் அவர் முன்னால் போய் நின்று
பாக்கெட்டைத் தானாகவே வெளியே இழுத்துக் காட்டினான்.
காலி.
தையல் ஓரத்தில் மட்டும்
துவைத்தும் போகாத மினுக்கம்.
அவர் அதைப் பார்த்தார்.
டீயை ஊதினார்.