ஜெட் மாற்றுதல்

வடோதராவிலிருந்து லாரியில் வந்தவை
ஒரு மேசை, பிள்ளையின் சைக்கிள்,
துவர்த்தில் சுற்றிய இந்த வாட்டர் ஹீட்டர்.
மற்றதெல்லாம் அங்கேயே இருக்கட்டும் என்றேன்.
அவரும் அங்கேயே இருக்கிறார்.

"லாரிக் கூலிக்குப் புதுசு ரெண்டு வாங்கலாமே அக்கா"
என்றான் பெர்ஜின்.
கருங்கல் சந்தைக்குப் பின்னால் கடை,
காதில் பென்சில், பையில் டெஸ்டர்.
என் முதல் ஓவர்டைம் பணத்தில் வாங்கியது என்று
அவனிடம் எதற்குச் சொல்ல?
சாயா போட்டுக் கொடுத்தேன்.

மூடியைக் கழற்றினான்.
பித்தளையில் வரிசையாய்ப் பன்னிரண்டு கண்கள்.
"இது குழாய் கேஸுக்கு உள்ளதாக்கும்.
அது மெலிஞ்ச கேஸ், மெள்ள வரும்,
அதுக்குத்தான் இம்மாம் பெரிய துளை.
நம்ம சிலிண்டர்லே உள்ளது கனம் கூடினது,
தள்ளிக்கிட்டு வரும்.
இதிலே விட்டா மஞ்சத் தீ எழும்பிக் கரி கக்கும்.
ஆளையே கொல்லும், பாத்துக்கிடுங்க."

"இந்தத் துளையையே சின்னதாக்க முடியாதா?"

நிமிர்ந்து பார்த்தான்.
"பெரிசாக்கலாம் அக்கா.
சின்னதாக்க ஒரு ட்ரில்லும் இல்லை."

புது ஜெட் எறணாகுளத்திலிருந்து வரவேண்டும்.
ஒன்பது நாள்.
ஆடி மழை ரப்பர் மரங்களைப் பிடித்து உலுக்கியது.
அடுப்பில் வெந்நீர், அலுமினியச் சருவம்,
குளிருக்குள் நின்று ஜெனிஷா கத்துவாள்
"கரம் பாணி, கரம் பாணி" என்று.
பக்கத்து வீட்டுக்குப் புரியாத பாஷையில் கத்துவது
ஒரு விதத்தில் சௌகரியம்.

"எப்போ திரும்பிப் போறே?"
கோயில் வாசலில் கேட்டார்கள், பஸ்ஸில் கேட்டார்கள்,
மீன்காரி நெத்தோலியை எடை போட்டுக்கொண்டே கேட்டாள்.
"ஜெட் வரணும்" என்றேன் எல்லாரிடமும்.
விமானம் என்று நினைத்திருப்பார்கள்.

பத்தாம் நாள் கூரியரில் வந்தது.
வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன்,
ஒரு தலைமுடி நுழைந்தால் பெரிது.
பன்னிரண்டையும் முறுக்கினான்,
உள்ளே இருந்த ஸ்பிரிங்கை மாற்றினான்,
சோப்பு நுரை தடவி ஒவ்வொரு இணைப்பாய்க்
குனிந்து பார்த்தான்.
குமிழ் வரவில்லை.

மாட்டிய இடம் அடுக்களையின் பின்சுவர், சார்ப்புக்குள்.
மேலே ஜன்னல் இருக்கிறதே என்றேன்.
"அது அந்தக் கேஸுக்கு. கசிஞ்சா மேலே போயிரும்.
இது அப்பிடியில்லை.
சொல்லாமெ தரையிலே படுத்துக் கிடக்கும்.
கணுக்கால் உயரத்திலே ஒரு ஓட்டை வேணும்."

படுத்துக் கிடப்பதை எனக்குத் தெரியும்.
ஏழு வருஷம் மேல் ஜன்னலைத்தான்
திறந்து திறந்து வைத்தேன்.

சுத்தியலால் அவனே உடைத்தான், கூலி கூட்டவில்லை.
இப்போது அந்த ஓட்டை வழியாக
மழை வாசம், ரப்பர்ப்பால் வாசம்,
ஒருநாள் ஒரு தவளை.

தீ முதலில் நுனியில் மஞ்சளாய் ஆடியது.
காற்று வளையத்தை அரைத் திருகு திருப்பினான்.
நீலம்.
உள்ளே ஜெனிஷா அலறினாள்,
"சுடுது, சுடுது!"
தமிழில்.

பழைய ஜெட்களைக் கவரில் போட்டுத் தந்தான்.
"பத்திரமா வைங்க, அங்கே திரும்பிப் போனா மாட்டிக்கிடலாம்."
பிரோவில் வைத்தேன், ரேஷன் கார்டின் கீழே.

நேற்று எண்ணினேன். பதினொன்று.
காணாமல் போனது அவள் உதட்டில் இருக்கிறது,
தெருமுனை வரை ஊதிக்கொண்டு போகிறாள்.
பெரிய துளைதான்.
நல்ல சத்தம்.