பன்னிரண்டாவது மீட்டரில்

லிஸ் நகரில் இந்த வீட்டை வாங்கியபோது
வளவின் பின்மூலையைப் பற்றி
ஒருவரும் வாய் திறக்கவில்லை.
முதல் ஏப்ரலில் என் சப்பாத்தொன்று
அங்கே போய்த் திரும்பி வரவில்லை.
தக்காளி அழுகியது. லீக்ஸ் அழுகியது.
புல்வெட்டி பாதிவரை இறங்கி
சேற்றில் விழுந்த மாடு மாதிரி
எங்களையே பார்த்துக்கொண்டு நின்றது.

பழைய ஆரே ஆற்றின் கரையில்
நகரசபை ஆட்கள் கழித்துப் போட்ட கம்பொன்றை
பேருந்தில் கொண்டுவந்தேன்,
அதற்கும் டிக்கெட் கேட்பார்களோ என்ற பயத்தில்
மடியில் கிடத்தி.
வாளித் தண்ணீரில் எட்டு நாள்.
ஒன்பதாம் நாள் பட்டையைப் பிளந்துகொண்டு
வெள்ளை வெள்ளையாய்ப் புள்ளிகள்.
குழி தோண்டவில்லை.
குத்தினேன். சேறு வாங்கிக்கொண்டது.

"துக்க மரமாம், ஜெர்மனில் பேரே அப்படித்தான்.
அழுகிற மரம் வீட்டுக்கு ஆகாது"
என்றார் தவநேசன்.
அழவில்லை, பாருங்கோ,
தலை முழுகிவிட்டுக் குனிந்து
முடியை உதறுகிறாள்.
அவர் பார்க்கவில்லை.
வீட்டுக்கடன் கணக்குப் பார்த்துக்கொண்டிருந்தார்.

மூன்றாம் வருடம் ஜன்னலை எட்டியது.
ஐந்தாம் வருடம் அதற்குள்ளே போய் நின்றால்
மழை வேறு ஊரில் பெய்தது.

ஆறாம் வருடம்
பக்கத்து வீட்டு எபி
மூன்றாய் மடித்த கடிதத்தோடு வந்தார்.
குழாய்க்காரர் கமராவை உள்ளே விட்டார்.
பன்னிரண்டாவது மீட்டரில்,
எல்லைக்கல்லுக்கு அந்தப் பக்கம்,
செம்பட்டைத் தாடியொன்று
கழிவுநீரில் அசைந்துகொண்டிருந்தது.

மண்ணாசையில் படை நடத்திப் போனவன்
வஞ்சி சூடினான் என்று பள்ளியில் படித்தது.
அந்த வஞ்சி இவளுக்கு
ஒன்றுவிட்ட அக்கா என்று கேள்வி.
பூ வைத்த தலையைத்தான் பாடினார்கள்.
வேர் அவனுக்கு முன்பே
போய்ச் சேர்ந்திருக்கும்.

ஆயிரத்து நானூற்று இருபது ஃபிராங்க்.
பாதி உங்களுடையது என்றது கடிதம்.
மரத்தை என்ன செய்வதாக உத்தேசம்
என்றும் கேட்டது,
மிகவும் மரியாதையாக.

எபி கிளைகளை விலக்கி உள்ளே வந்தார்.
கனநேரம் நின்றார்.
பிறகு கடிதத்தில் இல்லாத ஒன்றைச்
சட்டைப் பொத்தானிடம் சொல்வதுபோல் சொன்னார்:
முப்பது வருடமாய்ப்
பனி உருகும்போதெல்லாம்
அவருடைய நிலவறையில் கணுக்கால் தண்ணீர்.
இந்த முறைதான்
உருளைக்கிழங்குப் பெட்டிகளைத் தரையில் வைத்தாராம்.

அதற்கு என்ன பதில் சொல்வது?
தவநேசன் எழுந்து போய்
நாலு கோப்பையோடு திரும்பினார்.
காசைப் பற்றியோ வாளைப் பற்றியோ
அன்றைக்கு ஒரு முடிவும் இல்லை.
குழாய்க்காரருக்குச் சீனி இரண்டு கரண்டி.

அவருடைய திரை மட்டும்
அணைக்க மறந்து புல்லில் கிடந்தது.
நாங்கள் தேநீர் ஆற்றிய நேரத்துக்குள்
பன்னிரண்டாவது மீட்டரிலிருந்து
ஒரு நூலளவாவது
நகர்ந்திருக்கும் அது.