மறை திருகி

பதினொன்றாம் வார்டில் எங்களுக்கு விழுந்த சின்னம்
மறை திருகி.
தேசம்மா கேட்டது தையல் மிஷின்;
குலுக்கலில் அது வேறொருவருக்குப் போய்விட்டது.
பேரணாம்பட்டு நகராட்சி வாசலில் நின்று
அந்தத் தாளை ஐந்து பேர் மாற்றி மாற்றிப் படித்தோம்.
திருகின்னா தேங்காய் திருகுறதா, என்றாள் நுஸ்ரத்.
படத்தைப் பார்த்த பிறகுதான்
அட, ஸ்பேனர்.

ஷூ கம்பெனியில் மேல்தோல் தைக்கிற வரிசையில்
எனக்கு இரண்டு மிஷின் தள்ளி தேசம்மா.
பிடித்த பி.எஃப். பணம் எங்கே என்று
மேனேஜரிடம் முதலில் கேட்டவள்.
கேட்டதற்கு எட்டு நாள் வேலை போனவள்.
எங்களிடம் இருந்த தேர்தல் அறிக்கை
அவ்வளவுதான்.

கம்பெனி பஸ்ஸை விட்டு இறங்கின காலோடு
தெருத்தெருவாய் நடந்தோம்.
தம்பி வேலூரில் வாங்கி வந்த நிஜ ஸ்பேனரை,
பதினாறு பதினேழு சைஸ், அறுபது ரூபாய்,
நான்தான் தூக்கிப் பிடிப்பேன். மணிக்கட்டு விட்டுப்போகும்.
பீடி சுற்றும் வீடுகளில் நுஸ்ரத் முன்னால் போய்
உருதுவில் நீளமாய் ஏதோ சொல்லுவாள்;
எனக்குப் பிடிபட்டது ‘பானா’ ஒன்றுதான்.
மடியிலிருந்து முறத்தை இறக்காமல்
இலை வெட்டும் கத்தரியைக் காட்டி ஒரு பெண் கேட்டாள்:
இதைக் குடுத்திருக்கக் கூடாதா?
பார்த்ததும் குத்துவோமே.
பொடிசுகள் பின்னாலேயே வந்தார்கள்,
பானாக்கா, பானாக்கா.

நோட்டில் வீடு வீடாய்க் குறித்தேன்.
டிக் போட்டால் நமக்கு.
வட்டம் போட்டால் யோசிக்கிறார்கள்.
கோடு, கதவு திறக்கவில்லை; உள்ளே டிவி ஓடியது.
முந்நூற்றுப் பன்னிரண்டு டிக்.

கடைசி இரண்டு ராத்திரி
தெருவுக்குள் கவர்கள் நடந்தன.
எனக்கும் ஒன்று வந்தது.
‘உன் ஓட்டு இங்கதானேம்மா?’
இல்லண்ணா, கல்யாணமாகி நாலு வருஷம்,
இன்னும் வாணியம்பாடியிலதான் கிடக்குது.
அவர் சிரித்துவிட்டுக்
கவரைத் திரும்பச் சட்டைப்பைக்குள் வைத்துக்கொண்டார்.
கதவைச் சாத்தும்போதுதான் எனக்கு உறைத்தது,
இத்தனை வாசலில் ஓட்டுக் கேட்டவளிடம்
ஓர் ஓட்டும் இல்லை.

வாக்குப்பதிவன்று ஊருக்கு பஸ் ஏறியிருக்கலாம்.
ஏறவில்லை.
பள்ளிக்கூடத்துக்கு நூறு மீட்டர் தள்ளி
சுண்ணாம்புக் கோட்டுக்கு இந்தப்புறம்
பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து சிலிப் எழுதினேன்.
போகிறவர்கள் சீரியல் நம்பர் கேட்டார்கள்.
வருகிறவர்கள் மை விரலை ஆட்டிக் காட்டினார்கள்,
உங்களுக்குத்தான் என்று.
அடுத்த நாற்காலிக் கட்சிக்காரருக்கும்
அதே விரல், அதே சிரிப்பு.
மத்தியானம் அவர்தான் எங்களுக்கும் பிரியாணிப் பொட்டலம் கொடுத்தார்.
சாப்பிட்டோம். பசி.

எழுபத்தொன்பது.
எழுதிக் கொடுத்த தாளை நாலாய் மடித்து
பர்ஸுக்குள் சொருகிக்கொண்டு
நாளைக்கு ஷிப்ட் இருக்குதில்ல, என்றாள் தேசம்மா.
அந்த எழுபத்தொன்பது யார் என்று
ராத்திரி நோட்டைப் புரட்டிப் பார்த்தேன்.
டிக்குகள் எல்லாம் ஒரே மாதிரி இருந்தன.

ஞாயிற்றுக்கிழமை,
சுவரில் ஒட்டினதை ஈரத்துணியால் சுரண்டிக்கொண்டிருந்தபோது
கத்தரிக்காரி ஓடி வந்தாள்.
பானாக்கா, தெருக்குழாயில மறை கழண்டுகிச்சு,
தண்ணி பூரா ரோட்டுக்குப் போகுது,
உங்ககிட்டதான் அது இருக்குதே!

எடுத்துக்கொண்டு ஓடினேன்.
ஆறு நாளைக்கொரு தரம் வருகிற தண்ணீர்.
மண்டி போட்டு மாட்டிப் பார்த்தேன்,
இந்தப் பக்கம், திருப்பி அந்தப் பக்கம்.
பெரிசு. வெறுமனே சுற்றியது.
‘பன்னெண்டு பதிமூணு வேணும்க்கா’
என்று ஒரு பொடியன் சொல்லிவிட்டு
ஒர்க்‌ஷாப் பக்கம் ஓடினான்.

அவன் வரும்வரை கையால் பொத்திப் பிடித்தேன்.
விரலிடுக்கில் பீறிட்டு முகமெல்லாம் தண்ணீர்.
அவளும் குந்தி
என் கைமேல் தன் கையை வைத்து அழுத்தினாள்.
நகத்தில் மை இன்னும் போகவில்லை.
நான் கேட்கவில்லை.

அடுத்த வாட்டி, என்றாள்,
கத்தரியே கேளுங்க.