மாதாந்த முன்னேற்ற அறிக்கை

அடுத்தவர்களின் முன்னேற்றத்தை எண்ணுவதற்கு
எனக்குச் சம்பளம் தருகிறார்கள்.
இத்தனை கோழிக்குஞ்சு, இத்தனை மலசலகூடம்,
இத்தனை விதவைகளுக்குத் தையல் மெஷின்.
களுவாஞ்சிக்குடிப் பிரதேச செயலகம்,
அபிவிருத்தி உத்தியோகத்தர்.
அந்த உத்தியோகத்தர் ஒழுங்காய்த் தலையிழுத்து
ஏழு கிழமை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை,
பழைய படிவமொன்றின் பின்பக்கத்தில்
எனக்கும் ஓர் அறிக்கை போட்டேன்.

செயற்றிட்டம்: பல் துலக்குதல்.
இலக்கு முப்பது. அடைவு பதினொன்று.
பின்னடைவுக்கான காரணம்:
பிரஷ் குளியலறையில் இருந்தது,
பயனாளி கட்டிலில் இருந்தார்,
இடையில் போக்குவரத்து வசதி இல்லை.

செயற்றிட்டம்: குளித்தல்.
அடைவு நான்கு,
பஸ் தரிப்பிடத்தில் மழைக்கு நனைந்ததையும் சேர்த்து.
கணக்காய்வில் பிடிபடலாம்.

செயற்றிட்டம்: அழுதல்.
இலக்கு வைக்கப்படவில்லை.
ஆயினும் மாவட்டத்தில் முதலிடம்.

சிரித்தல் என்றும் ஒரு கோடு கீறி
அதை வெறுமையாய் விட்டேன்.

திங்கள், கோப்பு மாறிப் போய்விட்டது.
பக்கத்து மேசை பஸ்மிலா, மருதமுனைக்காரி,
கோழிக்கூட்டுத் திட்டத்துக்குள்
என் பல்லைக் கண்டுபிடித்தாள்.
இனி அந்த முகத்தோடு பார்ப்பாள் என்று நினைத்தேன்,
செத்த வீட்டு வாசலில் செருப்புக் கழற்றும் முகம்.
அவள் சிவப்புப் பேனையை எடுத்தாள்.
"பிரஷைத் தலையணைக்குக் கீழ் இடமாற்றுக.
உடன் அமுல்."
கையொப்பம். திகதி.
றப்பர் முத்திரையும் குத்தினாள்,
கொஞ்சம் சரிவாக.

எனக்குள்ளிருந்து ஒரு சத்தம் வந்தது.
கனநாள் ஓடாத வோட்டர் பம்ப்
காற்றைக் கக்கி, இருமி, உறுமி,
பிறகு துருப்பிடித்த தண்ணியாய்.
சிரிப்புத்தான்.
இருவரும் பயந்துபோனோம்.
உடனேயே அழுகையும் வந்துவிட்டது.
"ரெண்டையும் போடு கா," என்றாள்,
"ரெண்டு செயற்றிட்டம், ஒரே செலவு."

வியாழனில் கிளினிக்.
டோக்கன் நாற்பத்திரண்டு.
குளிசை இரவில் ஒன்று, அது நித்திரையைத் தருகிறது,
கூடவே வாயையும் கருவாடாய்க் காயவைக்கிறது.
தண்ணிப் போத்தலுக்கு ஒரு பெயர் வைத்திருக்கிறேன்:
மேலதிகச் செயலாளர்.
அவரில்லாமல் எங்கும் போவதில்லை.

எல்லா நாளும் பகிடி வேலை செய்வதில்லை.
சில காலைகளில் அந்தத் தாளை எடுத்து வாசித்தால்
வெறும் சிவப்பு மை.
அன்றைக்கு முகம் மட்டும் கழுவுவேன்.
சில நாள் அதுவும் ஒரு கண்தான்.

போன புதன் மண்டூருக்குக் கள வேலை.
குருமண்வெளித் துறையில் வெயில்,
வாவி தகரம் மாதிரி மினுங்கியது.
நான் வாய்விட்டுச் சொல்லியிருக்கிறேன்:
"பாதையக் காணல்லியே."
எதைச் சொன்னேன் என்று எனக்கே தெரியாது.
மீன்பெட்டி கட்டின மோட்டார்சைக்கிளில்
சாய்ந்து நின்றவர்,
பீடியை வாயிலிருந்து எடுக்காமலே சொன்னார்:
"அங்கால நிக்குது தங்கச்சி.
இஞ்சால வரும். அதுக்குத்தானே அது."

எங்கள் பக்கம் பாதை என்றால்
தண்ணீரில் மிதக்கும் ஒரு தட்டு.
அது வரும். ஏறி நின்றால் போதும்.
நகர்வது அதன் வேலை.
முப்பத்தாறு வருடமாய் இந்தச் சொல்லைச் சொல்கிறேன்,
ஒருநாளும் காதில் விழவில்லை.

ஏறி நின்றேன்.
எனக்கும் ஓர் ஆட்டுக்கும் நடுவில் மீன்பெட்டி.
ஆடு என் அறிக்கையின் ஓரத்தைத் தின்றது.
குளித்தல் போய்விட்டது.
இம்முறை சிரிப்புக்கு இருமல் இல்லை.
மேலதிகச் செயலாளரில் ஒரு மிடறு குடித்தேன்.
பைக்குள் சீப்பு இருந்தது,
நடு வாவியில் தலையிழுத்தேன்.
மூன்று பல் உடைந்தது, சீப்புக்கு.

திரும்பிவரும் பாதை நாலரைக்காம்.
கையில் குறித்துக்கொண்டேன்.