ஒன்றரைச் சாண்

புரோக்கர் ஜோதிலிங்கம் பைக்கை அணைக்காமலே சொன்னார்:
"மூணே மூணு படிதான்."
மஞ்சக்குப்பம். பத்து மாத அட்வான்ஸ்.
வாசலிலேயே குழாய், பஸ்ஸும் பக்கம்.
நாங்கள் நான்கு பேரும் தெருவில் இருந்தபடியே
வீட்டைப் பார்த்து முடித்தோம்.
முன்கதவு வரை நன்றாகத்தான் இருந்தது.

செம்மண்டலத்தில் படி இல்லை.
கழிவறைக் கதவு இருபத்திரண்டு அங்குலம்,
லூர்துவின் நாற்காலி இருபத்தைந்து.
"உடம்புன்னா இளைக்கலாம், இரும்பு எப்படி சார் இளைக்கும்?"
வீட்டுக்காரர் சிரிக்கவில்லை.
அவருக்கு வேறு சந்தேகம்:
இது சேவையா, வியாபாரமா?
சேவை என்றால் வாடகை எங்கிருந்து வரும்,
வியாபாரம் என்றால் பலகையில் சங்கம் எதற்கு?
பக்கிரியம்மாள் நிதானமாகச் சொன்னாள்:
சக்கர நாற்காலி பழுது பார்ப்போம்,
கூலி வாங்குவோம், எங்கள் சம்பளம் போக
மிஞ்சுவதில் கூலி தர முடியாதவருக்கு
டயர் மாட்டுவோம்.
"யோசிச்சுச் சொல்றேன்" என்றார்.
அதற்கு இந்த ஊரில் ஒரே அர்த்தம்.

திருப்பாதிரிப்புலியூரில் ஒரு மாடி.
அதை விடுங்கள்.

கடைசியில் முதுநகர்.
உப்பனாற்றுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு ஒரு கிடங்கு.
மல்லாட்டை மூட்டை வண்டி ஏறுவதற்காக
எவரோ எப்போதோ போட்ட சிமெண்ட் சரிவு.
மூட்டைக்காக யோசித்தவர்
தெரியாமல் எங்களுக்கும் யோசித்துவிட்டார்.
யாரும் தள்ளவில்லை. ஏறினேன்.
உள்ளே போய் ஒரு முழு வட்டம் திரும்பினேன்,
சுவரில் எங்கும் இடிக்காமல்.
இன்னொரு தடவை திரும்பினேன், சும்மா.

அப்போதுதான் முபீனா கோட்டைப் பார்த்தாள்.
நாலு சுவரிலும் ஒரே மட்டத்தில், பழுப்பாக.
"பெருசா ஒண்ணும் வராதும்மா" என்றார் கிடங்குக்காரர்,
"வந்தா இடுப்பளவு."
"யார் இடுப்பு?" என்றாள் முபீனா.
சுவரோரம் உருட்டிப் போய் நின்றாள்.
கோடு அவள் தாடைக்கு வந்தது.

கொஞ்ச நேரம் ஆற்று வாடை மட்டும் பேசியது.

ஸ்விட்ச் போர்டு ஆறடி உயரத்தில்.
இறக்க வேண்டும் என்றோம்.
தண்ணீர் வரும் இடம், இறக்கக் கூடாது என்றார்.
இரண்டும் நியாயம்.
லூர்து பையிலிருந்து சாக்பீஸ் எடுத்துக் கொடுத்தான்.
முதுகை நிமிர்த்தி, எட்டிய மட்டும் எட்டி
ஒரு கோடு இழுத்தேன், கொஞ்சம் கோணல்.
கீழே வெள்ளத்தின் கோடு, மேலே என்னுடையது.
பக்கிரியம்மாள் சாண் போட்டுப் பார்த்தாள்:
ஒன்றரை.

அந்த ஒன்றரைச் சாணுக்குள்
ஸ்விட்ச் வரும், கணக்கு நோட்டு வரும்,
பேங்க் கடன் ஃபைலைப் படுக்கப் போட்டால் அதுவும் வரும்.
வெல்டிங் மெஷின் வராது.
ஐப்பசியில் அதை எங்கே தூக்குவது, யார் தூக்குவது,
இன்னும் பேசி முடியவில்லை.

ஆனால் அந்தப் பழுப்புக் கோட்டைக் காட்டி
வாடகையில் ஆயிரம் குறைக்கச் சொன்னோம்.
எழுநூறு குறைத்தார்.