ஒரே மாவட்டம்

படிவங்களில் எங்களுக்கும் அவனுக்கும்
மாவட்டம் ஒன்றுதான்.
திருக்கோவிலில் நாங்கள் 'அம்பாறை' என்று நிரப்பும் கட்டத்தை
தெஹியத்தகண்டியில் அவன்
வட்ட வட்ட எழுத்தால் நிரப்புகிறான்.

ஐந்து மணித்தியாலம் என்றார் இவர்.
தம்பியின் ஓட்டோவுக்கு அது தெரியாது.

விடிய நாலரைக்கு ரெஜிபோம் பெட்டியில்
கொடுவா இரண்டு, இறால் ஒரு கிலோ, மேலே ஐஸ்.
"இதெல்லாம் என்னத்துக்கு கா?"
"குளத்து மீனத்தானே திண்டு கிடக்கான் புள்ள."

அக்கரைப்பற்று தாண்ட வெளிச்சம் வந்தது.
வெட்டிய வயல்களைத் தாண்டி வந்த கச்சான் காற்று
ஓட்டோவைப் பிடித்து ஒரு பக்கம் தள்ளியது.
றோட்டில் பாதி, காயப்போட்ட நெல்.
நெல்லில் ஏறாமல் இவர் வெட்டி எடுக்க
எதிரே வந்த பஸ்காரன் தலையை நீட்டி ஏசினான்.
எந்த மொழியில் என்று
கவனிக்க நேரமிருக்கவில்லை.

அம்பாறை டவுனுக்குள் நுழையும் இடத்தில்
என் கை தானாகப் பையைத் திறந்து
அடையாள அட்டையை எடுத்தது.
கேட்க ஆளில்லை.
எத்தனையோ வருசமாக ஆளில்லை.
அங்கே ஒருத்தி சோளம் அவித்து விற்றுக்கொண்டிருந்தாள்.
இரண்டு வாங்கினோம்,
உப்புத் தண்ணீர் தெளித்துத் தந்தாள்.
அட்டையைப் பையின் அடியில் வைத்தேன்.
மறுகா எடுத்து
மேலேயே வைத்தேன்.

கல்யாணத்துக்கு நாங்கள் போகவில்லை.
காய்ச்சல் என்று சொன்னோம்,
இரண்டு பேருக்கும், ஒரே நாளில்.
"சரிம்மா, ரெஸ்ட் எடுங்க" என்றான் போனில்.
அவன் நம்பியிருந்தால்
எனக்கு இவ்வளவு காலம் எடுத்திருக்காது.

மகாஓயாவில் பெட்டி ஒழுகி என் சேலை நனைந்தது.
அங்கே நிலத்துக்குள்ளிருந்து சுடுதண்ணீர் வருகிறதாம்,
பார்த்துவிட்டுப் போவோமா என்றார் இவர்.
இந்த வெயிலில் அது ஒன்றுதான் குறை என்றேன்.
கடை வாசலில் நின்று
ஐஸுக்கு என்ன சொல்வது என்று அவர் யோசிக்க,
பெட்டியைப் பார்த்துவிட்டுக் கடைக்காரரே கேட்டார்:
"ஐஸ்த?"

அதற்கப்பால் மகன் சொன்ன அடையாளங்கள்தான்.
ஒரு பாலம். ஒரு பால் சேகரிக்கும் நிலையம், அதில்தான் அவனுக்கு வேலை.
பிறகு பெரிய கும்புக் மரம், அதில் இடப்பக்கம்.
கும்புக் எப்படியிருக்கும் என்று தெரியாமல்
மூன்று கட்டை தாண்டிப் போய்த் திரும்பினோம்.
மருத மரம்.
எங்கள் ஆற்றங்கரையில் நிற்கிற அதே மருது.

கேற்றைத் திறந்து நின்றான். வயிறு போட்டிருந்தான்.
நாங்கள் இறங்க முன்னம் நாய் பாய்ந்து வந்தது.
"மெஹெ வரெங்!" என்று ஒரு அதட்டல்.
யாரோ பொடியன் என்று திரும்பிப் பார்த்தேன்.
சுகிர்தன்தான்.
நாய் அடங்கிப் போய் அவன் காலடியில் படுத்தது.

சந்தமாலி எனக்கொரு பலகை கொண்டுவந்து போட்டாள்.
பைப்படியில் இரண்டு பேரும் குந்தி
கொடுவாவுக்குச் செதில் எடுத்தோம்.
அவள் முழங்கையெல்லாம் செதில்.
தலையை வெட்டி நாய்க்கு எறியப் போனாள்,
பாய்ந்து கையைப் பிடித்தேன்.
பிடித்த பிறகுதான்
முதல் முதலாக அவளைத் தொட்டிருக்கிறேன் என்று பட்டது.
மணிக்கட்டு சின்னது. ஈரம்.

மத்தியானம் தலையை என் கோப்பையில் வைத்தாள்.
நான் அவன் கோப்பையில் வைத்தேன்.
அவன் பேச்சை நிறுத்தாமலே அதைத் தூக்கி
அவள் கோப்பையில் வைத்தான்.
அவள் மீனின் கண்ணைப் பார்த்தாள்,
மீனும் பார்த்தது.
பிறகு கன்னத்துச் சதையில் ஒரு துண்டு கிள்ளி
வாயில் போட்டு, தலையாட்டினாள்.
பொய்யா மெய்யா தெரியவில்லை.
காய்ச்சல் என்று சொன்னவள்
அதைக் கேட்க முடியாது.

கழுவப் போகும்போது கையில் முள் இருந்தது.
படியடியில் நாய்.
யாருக்கும் கேட்காமல் சொல்லிப் பார்த்தேன்.
அசையவில்லை.
கொஞ்சம் சத்தமாக:
"மெஹெ வரெங்."

உள்ளே இவர் சோறு பிசைவதை நிறுத்தினார்.
நாய் எழும்பி,
உடம்பை முறித்து,
வந்தது.