ஆறாவது ரீல்

நவம்பரில் டுலூத் நகரம்
நாலரை மணிக்கே விளக்கேற்றிவிடும்.
வியாழக்கிழமைகளில் வெர்னா கோஸ்கெலாவின்
நிலவறைக்கு இறங்குவோம் நாங்கள் மூவர்.
துணி உலர்த்தும் எந்திரத்தின் மேல் ப்ரொஜெக்டர்.
சலவைக் கயிற்றில் ஒரு படுக்கைவிரிப்பு.

படத்தின் பெயர்கூட முழுசாக இல்லை.
தொடக்கம் கிழிந்துபோய்
'...வீட்டில் மரணம்' என்று மட்டும் தெரியும்.
யார் வீடு என்று கேட்காதீர்கள்.
முதல் ரீலிலேயே கம்பளத்தில் ஒரு பிணம்.
அதன் வயிறு ஏறி இறங்கும்.
கைதட்டிச் சிரிப்போம்.

ஆறே நாளில் எடுத்த படம் என்பார் ஆரின் லிண்டால்.
வரி அலுவலகத்தில் முப்பது வருஷம்
பொய்க்கணக்கை மோந்து பிடித்த மூக்கு.
"மாடிப்படி ஒன்றுதான்.
ஏறினால் படுக்கையறை, இறங்கினால் பாதாள அறை.
சுவர் அட்டை. மழை தோட்டக்குழாய்.
மிச்சம்பிடித்த காசில்தான்
வௌவாலுக்குக் கயிறு வாங்கியிருக்கிறான்."

கயிறு எங்களுக்கும் தெரிகிறது.
தெரிந்தும், அது சன்னலைத் தாண்டி வரும்போது
டெல்ஃபின் என் முழங்கையைப் பிடித்துக்கொள்வாள்.
பல் மருத்துவரிடம் வேலை.
நாளெல்லாம் "வலிக்காது, வலிக்காது" என்பவள்
இங்கே வந்துதான் அலறுகிறாள்.
கயிற்றைப் பாம்பென்று மிரள்வது அறியாமை.
கயிறென்று தெரிந்தே மிரள்வதற்கு
இன்னும் யாரும் பெயர் வைக்கவில்லை.

கதாநாயகி விளக்கோடு நடக்கும் காட்சியில்
இசைக்குக் காசில்லை, வெறும் கரகரப்பு.
அப்போது பார்த்துத் துறைமுகத்தில்
இரும்புத்தாது ஏற்றிய கப்பல் ஒன்று நீளமாக ஊதும்.
அவள் திடுக்கிட்டுத் திரும்புவாள்.
சத்தியமாகத் திரும்புவாள்.

பதினோரு வருஷமாக ஆறாவது ரீல் இல்லை.
ஐந்தாவதின் கடைசியில் துப்பறிவாளன்
எல்லோரையும் கூடத்தில் உட்காரவைத்து
தொப்பியைக் கழற்றி
"கொலைகாரன் இந்த அறையில்தான்"
என்றதும் வெள்ளைத் துணி.
ஃபிலிமின் வால் படபடவென்று அடித்துக்கொள்ளும்.

ஆகவே ஆளுக்கொருவரைத் தூக்கில் போட்டோம்.
ஆரினுக்கு மருத்துவர்மேல்: ரசீதே தராத மனுஷன்.
டெல்ஃபினுக்குச் சமையல்காரி.
நான் பனி அள்ளும் லாரி ஓட்டுகிறவன்,
தடம் பதியாமல் நடக்கும் தோட்டக்காரனை
எப்படி நம்புவேன்?
வெர்னா மட்டும் வாய் திறக்கமாட்டாள்.

போன வாரம் வின்னிபெக்கிலிருந்து
ஒரு தகர டப்பா வந்தது.
திறந்ததும் ஊறுகாய் ஜாடிபோலப் புளித்த வாடை.
வெர்னா கையுறை மாட்டிக்கொண்டு சுற்றினாள்.

"இருக்கிறான்" என்று முடித்தான் துப்பறிவாளன்,
பதினோரு வருஷம் தொண்டையில் நின்ற சொல்லை.
விரல் நீட்டினான்.
விரல் நுனியில், இதுவரை நாங்கள் பார்த்தேயிராத
ஒரு மீசைக்காரன்.
குடும்ப வக்கீலாம்.
மீசையின் இடப்பக்கம் பசை விட்டிருந்தது.

வெர்னா எழுந்து துணியருகே போனாள்.
பாதிப் படம் அவள் முதுகில் ஓடியது.
"இவன் செத்தவன்.
காதுமடலைப் பாருங்கள். கம்பளத்தில் கிடந்தவனேதான்."

இன்னொரு நடிகனுக்குக் கூலி கொடுக்க வழியில்லாமல்
பிணத்தை எழுப்பி, மீசை ஒட்டி,
அவனைக் கொன்றதற்காக அவனையே
கையும் களவுமாகப் பிடித்திருக்கிறார்கள்.
அவனும் எவ்வளவு மரியாதையாக
"ஆமாம், நான்தான். அவனை எனக்குப் பிடிக்காது" என்கிறான்!

சிரித்ததில் ஆரினுக்குப் புரையேறியது.
டெல்ஃபின் தரையில் உட்கார்ந்துவிட்டாள்.
வெர்னா ஒன்றும் சொல்லாமல்
முதல் ரீலை மறுபடி மாட்டினாள்.

அதே கூடம். அதே அட்டைச் சுவர்.
கம்பளத்தில் பிணம் கிடந்தது.
வயிறு ஏறியது, இறங்கியது.
நாங்கள் கைதட்டும் இடம்.
ஒருவரும் தட்டவில்லை.

இருட்டில் டெல்ஃபின் என் முழங்கையைத் தேடினாள்.
அதற்குள் நான்
அவளுடையதைப் பிடித்திருந்தேன்.